உடையவன் கை பட்ட வண்டி

உத்தியோக நிமித்தமாகத் தமிழகத்தை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நம்மில் வீடு மாறாதவர் அரியர். மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் நாம் தேடிச் செல்வது, முன்னே ஓட்டுநருக்கு ஒரு சிற்றறையும் பின்னே திறந்த பெட்டியும் உடைய ஒரு சிறு வண்டியையே ஆகும். பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் குழந்தைகளின் புத்தக மூட்டையும் அதில் ஏறிவிட்டால் குடும்பமே பெயர்ந்துவிட்டதாகப் பொருள். அவ்வண்டியைச் சிலர் ‘டெம்போ’ என்பர். சிலர் ‘பிக்கப்’ என்பர். பிக்கப் என்னும் இப்பெயர் நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது.

அந்நாட்டில் 1940களிலும் 1950களிலும் செய்யப்பட்ட பிக்கப் வண்டிகளை இன்றும் பலர் தம் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, தம் கையாலேயே பழுது பார்த்து ஓட்டிவருகின்றனர். அவர்களுள் ஆசிரியர் உண்டு, கணக்கர் உண்டு, ஓய்வு பெற்ற தபால்காரரும் உண்டு. யந்திரத் தொழிலை முறையாகப் பயின்றவர் சிலரே. எழுபது ஆண்டு வயதான ஒரு யந்திரத்தை ஒரு சாதாரண மனிதர் ஒரு பெட்டிச் சாமான்களைக் கொண்டு பிரித்துப் பூட்ட முடிகிறதென்றால், அது அவருடைய திறமை மட்டுமன்று. பிரித்துப் பூட்டுவதற்கு ஏற்றவாறே அவ்வண்டி செய்யப்பட்டிருந்தது. ஏன் அவ்வாறு செய்தனர்? அந்த இயல்பு பின்னர் எங்கே போயிற்று? இவ்விரு வினாக்களையும் ஒரு சிறிது ஆராய்வோம்.

முதல் வினாவுக்கு விடை காண 1908ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஹென்றி ஃபோர்டு தம் ‘மாடல் டி’ மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் மிச்சிகன் மாநிலத்து விவசாயி ஒருவரின் மகன். விவசாயியின் வாழ்க்கையில் தூரம் என்பது எத்துணைப் பெரிய பகை என்பதை அவர் நேரில் கண்டவர். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே மைல் கணக்கில் வெளி. மழை பெய்தால் சேறாகும் மண் சாலை. மோட்டார் பட்டறையோ அருகில் இல்லை. இத்தகைய இடத்தில் வண்டி நின்றுவிட்டால் அதைக் கிளப்ப வேண்டியவர் ஒருவரே. ஓட்டி வந்தவரே அவர்.

ஆகவே மாடல் டி வண்டியில் கெட்டுப்போகக்கூடிய உறுப்புக்கள் இயன்ற அளவு குறைக்கப்பட்டிருந்தன. பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பப் பம்பு இல்லை; உயரத்திலிருந்த தொட்டியிலிருந்து அது தானே வழிந்து வந்தது. இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. ஆகையால் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேற்றிச் செல்வர். குளிர்விக்கும் நீரைச் சுற்றிவரச் செய்யவும் பெரும்பாலான வண்டிகளில் பம்பு இல்லை. சுடுநீர் மேலேறும், குளிர்நீர் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியே அவ்வேலையைச் செய்தது. எண்ணெயின் அளவைக் காட்ட மானி இல்லை. அடியில் இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருந்தன. மேல் திருகைத் திறந்து எண்ணெய் வந்தால் போதிய அளவு உண்டு. கீழ்த் திருகைத் திறந்தும் வராவிட்டால் ஆபத்து என்று அறியலாம்.

மொழிபெயர்ப்பை ஊழியமாகக் கொண்ட எமக்கு அவ்வண்டியைக் காட்டிலும் அதனோடு வந்த கையேடு அதிக வியப்பைத் தருகிறது. அது கேள்வியும் விடையுமாக அமைந்தது. எஞ்சினை எவ்வாறு கிளப்புவது, நின்றுவிட்டால் எதைப் பார்ப்பது, வால்வை எவ்வாறு தேய்த்துச் சீராக்குவது என்று வாங்கியவர் கேட்கக்கூடியவற்றைத் தானே கேட்டு எளிய நடையில் விடையும் கூறியது. பொருளை விற்றவர் அதன் உட்பொருளையும் சேர்த்தே கொடுத்தார் என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

விவசாயிகள் அந்த அறிவைச் சும்மா வைத்திருக்கவில்லை. வண்டியின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதில் பட்டை மாட்டி, மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் மக்காச்சோளம் உதிர்க்கவும் பயன்படுத்தினர். சிலர் பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகைகளால் ஒரு பெட்டி அடித்துப் பொருத்திக்கொண்டனர். பால் குவளைகளும் தானிய மூட்டைகளும் அதில் ஏறின. பிக்கப் என்னும் வடிவம் தொழிற்சாலையில் வரையப்படுவதற்கு முன்பே பண்ணைக் கொட்டகைகளில் உருவாகிவிட்டது எனலாம்.

தொழிற்சாலை அதனைப் பின்தொடர்ந்தது. 1917இல் ஃபோர்டு ஸ்தாபனம் ஒரு டன் பாரம் ஏற்றும் ‘மாடல் டிடி’ அடிச்சட்டத்தை விற்கத் தொடங்கியது. மேற்கூண்டை வாங்குபவரே கட்டிக்கொள்ள வேண்டும். 1925 ஏப்ரலில் மாடல் டி வண்டியின் பின்னே ஓர் இரும்புப் பெட்டியைத் தானே பொருத்தி, பிக்கப் என்ற பெயரையும் சூட்டி, 281 டாலர் விலைக்கு வெளியிட்டது. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 34,000 வண்டிகள் செய்யப்பட்டன.

வண்டி மட்டும் இருந்தால் போதுமா? அதை அறிந்த கையும் வேண்டுமன்றோ? அமெரிக்கக் கிராமத்தில் அத்தகைய கைகளுக்குப் பஞ்சமில்லை. அறுவடை யந்திரத்தையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் மோட்டாருக்கு முன்பே பழகியவர்கள் அவர்கள். மேலும் 1917இல் இயற்றப்பட்ட ஸ்மித்–ஹியூஸ் சட்டம், உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயத்தையும் கைத்தொழில்களையும் கற்பிக்க மத்திய அரசின் பண உதவியை அளித்தது. அதன் பயனாக உழவர் வீட்டுச் சிறுவர் பலர், பள்ளியிலேயே ஸ்பானரும் சுத்தியலும் பிடிக்கக் கற்றனர். தந்தையிடம் கற்றது பாதி, பள்ளியிற் கற்றது பாதி என்று அந்த அறிவு பரவிற்று.

அடுத்து வந்த இருபது ஆண்டுகள் அவ்வறிவைக் கடுமையாகச் சோதித்தன. 1929இல் செவர்லே ஸ்தாபனம் ஆறு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. நான்கு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் என்பது அதன் விளம்பரம். 1932இல் ஃபோர்டு, சாமானிய மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கொணர்ந்தது. ஆனால் இடையில் 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியும் அதைத் தொடர்ந்த பெரும் பொருளாதார மந்தமும் வந்துற்றன. புதிய வண்டி வாங்கப் பலரிடம் பணம் இல்லை. இருந்ததையே ஒட்டியும் கட்டியும் ஓட்டினர். பின்னர் யுத்தம் வந்தது. 1942இன் தொடக்கத்தில் பொது மக்களுக்கான மோட்டார் உற்பத்தி நிறுத்தப்பட்டுத் தொழிற்சாலைகள் யுத்த தளவாடங்களுக்குத் திரும்பின. டயரும் பெட்ரோலும் பங்கீட்டில் கிடைத்தன. இப்போது பணம் இருந்தாலும் வண்டி இல்லை. பழைய வண்டியைச் சாகவிடாமல் காப்பது குடும்பத்தின் கடமையாகவே ஆயிற்று.

யுத்தம் முடிந்த பின் வெளிவந்த வண்டிகளே இன்று கொட்டகைகளில் பேணப்படும் பழம்பெரும் பிக்கப் வண்டிகளுள் முதன்மையானவை. 1947ஆம் ஆண்டுக் கோடையில் செவர்லே ஸ்தாபனம் உருண்ட முகமும் அகன்ற ஓட்டுநர் அறையும் உடைய புதிய வரிசையை வெளியிட்டது. அது 1955 வரை நீடித்தது. 1948 ஜனவரியில் ஃபோர்டு தன் ‘எஃப்’ வரிசையைத் தொடங்கியது. அதில் மிகச் சிறியது ‘எஃப்–1’. 1953இல் அதன் இடத்திற்கு ‘எஃப்–100’ வந்தது. இவ்வண்டிகளைச் செய்தவர்கள், வாங்குபவர் பஞ்சத்தையும் யுத்தத்தையும் கடந்து வந்தவர், எதையும் தாமே பிரித்துப் பார்ப்பவர் என்பதை நன்கு உணர்ந்திருந்தனர்.

அக்காலச் செவர்லே பிக்கப் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூடியைத் தூக்கினால் நீண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் நடுவில் நிமிர்ந்து நிற்கும். அதன் இரு மருங்கிலும் கையை நுழைக்கத் தாராளமான இடம் உண்டு. அதன் ஆணிகள் இரும்பு அடுப்புக்களில் பூட்டும் ஆணிகளைப் போன்றிருந்தமையால் ‘அடுப்பாணி எஞ்சின்’ என்று பொருள்படும் செல்லப்பெயர் அதற்கு வழங்கிற்று. 1950களின் முற்பகுதி வரை வந்த வண்டிகளில் அதைக் கிளப்பக் காலால் மிதிக்கும் விசை இருந்தது. பெட்ரோல் தொட்டியோ இருக்கைக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருந்தது.

பழுது பார்ப்பதற்கு இடம் கொடுத்தல் என்றால் என்ன என்பதை அவ்வெஞ்சினின் ஓர் உறுப்பு தெளிவாகக் காட்டும். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கோலின் அடிமுனையில், வெள்ளீயக் கலவையை வார்த்த ஒரு பேரிங் உண்டு. ஓட ஓட அது தேயும். தேய்ந்தால் எஞ்சின் ‘டொக் டொக்’ என்று தட்டும். இதை எதிர்பார்த்தே, பேரிங்கின் இரு பாதிகளுக்கும் இடையே மிக மெல்லிய தகட்டு அடுக்குகளை வைத்திருந்தனர். உடையவர் வண்டிக்கு அடியிற் படுத்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, இரு பக்கமும் சமமாக ஒவ்வோர் அடுக்கை உரித்தெடுத்துவிட்டு, மறுபடி முறுக்கிப் பூட்டினால் இடைவெளி குறையும். தட்டும் ஓசை அடங்கும். தேய்மானம் வரும் என்று ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்யும் வழியையும் உள்ளேயே வைத்து அனுப்பிய வேலைப்பாடு அது. அதற்குக் குறையும் இல்லாமலில்லை. நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரைந்து ஓட்டினால் அப்பேரிங் தாங்காது. 1954 வாக்கில் செவர்லே லாரிகளில் வேறு வகைப் பேரிங்கும், அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தும் முறையும் வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய வண்டி ஒன்று முப்பது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தபின், அதற்கு மீண்டும் உயிரூட்ட விரும்புகிறவர் என்ன செய்கிறார்? பழகியவர்கள் எடுத்த எடுப்பில் எஞ்சினைக் கிளப்ப முயல்வதில்லை. உள்ளே பிஸ்டன்கள் துருப்பிடித்துச் சிலிண்டர்களோடு ஒட்டியிருக்கலாம். வலிந்து சுழற்றினால் பிஸ்டன் வளையங்கள் உடையும். ஆகவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவிட்டு, பின்னர் கையாலேயே மெல்லத் திருப்பிப் பார்க்கின்றனர். அது அசைந்த அன்று அவ்வீட்டில் ஒரு சிறு விழாதான்.

அடுத்து பெட்ரோல். நாட்பட்ட பெட்ரோல் பிசினாகிக் குழாயையும் கார்புரேட்டரின் நுண்துளைகளையும் அடைத்துவிடும். எனவே தொட்டியை இறக்கிக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்து, துளைகளைச் சுத்தம் செய்து, கேஸ்கட்டுகளைப் புதிதாக்கிப் பூட்டுகின்றனர். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் இளகிவிடும். அவற்றையும் மாற்ற வேண்டும்.

பின்பு தீப்பொறி. டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் இரண்டு சிறிய பாயிண்டுகள் தொட்டும் விலகியும் இயங்கும். அவை விலகும் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அளவுத் தகடு கையில் இல்லாத விவசாயி, தீக்குச்சிகளை மடித்து வைக்கும் காகித அட்டையைச் செருகி அதனை அளந்தார் என்பர். அட்டையின் கனமும் ஏறக்குறைய அதுவே. பாயிண்டில் கரி படிந்தால் நகம் தேய்க்கும் அரம் போதும். பின் ஆறு பிளக் கம்பிகளையும் 1, 5, 3, 6, 2, 4 என்ற முறையில் மாட்ட வேண்டும். முறை தவறினால் எஞ்சின் இருமும், வெடிக்கும், ஓடாது.

மின்சாரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 1950களின் நடுப்பகுதி வரை இவ்வண்டிகளின் பாட்டரி 6 வோல்ட் உடையது. அக்காலத்து ஃபோர்டு வண்டிகளிலோ பாட்டரியின் நேர்முனையே அடிச்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இதை அறியாமல் இக்கால வழக்கப்படி மாற்றி இணைத்தவர்கள் நஷ்டப்பட்டதுண்டு. மேலும் 6 வோல்ட் பாட்டரிக்குத் தடித்த கம்பி தேவை. 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டு, எஞ்சின் சோம்பலாகச் சுழல்கிறது, பழைய முறையே மோசம் என்று குறை கூறுவோர் பலர். குற்றம் கம்பியினுடையது, வண்டியினுடையதன்று.

இவற்றை எல்லாம் விட முதன்மையானது பிரேக். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி நிற்காது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிக்கப் வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய் வழிதான் இருந்தது. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அக்காலப் பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசியை ஊதித் தட்டினால் நுரையீரலுக்குக் கேடு. அனுபவசாலிகள் முதலில் பிரேக்கைச் செப்பனிட்ட பின்பே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருகின்றனர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியிற் செல்லாமல், உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுத்த பிறகே நுழைகின்றனர்.

இறுதியில் உடற்கூறு. கதவின் அடிப்பாகத்தையும் அறையின் மூலைகளையும் துரு தின்றிருக்கும். தின்றதை வெட்டியெறிந்து, புதுத் தகடு பற்றவைத்து, தட்டி நிமிர்த்தி, வர்ணம் பூசுகின்றனர். செவர்லே வண்டியின் பின்பெட்டிக்கு அடித்தளம் மரப்பலகை; இடையிடையே இரும்புப் பட்டைகள். தச்சு வேலை அறிந்தவர்க்கு அது ஒரு மகிழ்ச்சி. உதிரி உறுப்புக்கள் சில பழைய இரும்புக் கிடங்கிலும், சில புதிதாய் வார்ப்பவரிடமும், சில நண்பரின் கொட்டகையிலும் கிடைக்கின்றன. ஒரு வண்டி முடிய ஐந்து ஆண்டுகளும் ஆகலாம். அதற்குள் வீட்டுப் பிள்ளை விளக்குப் பிடிப்பதில் தொடங்கி, ஸ்பானர் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறான்.

இக்கதை நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1926இல் ஃபோர்டின் கனடாக் கிளை இந்தியாவில் ஒரு கம்பெனியை அமைத்தது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. நம் நாட்டிலேயே உறுப்புக்களைச் செய்ய முன்வருவோர்க்கே இடமுண்டு என்று 1953இல் அரசு முடிவு செய்ததும் அவ்விரு ஸ்தாபனங்களும் தொழிலை நிறுத்திக்கொண்டன. செய்தவர் போய்விட்டார், வண்டிகள் எஞ்சின. கப்பலில் உதிரி உறுப்பு வராத காலத்தில் கடைசல் பட்டறையும் கருமான் உலையுமே அவ்வண்டிகளைக் காத்தன. அமெரிக்க விவசாயி தூரத்தால் கற்ற பாடத்தை நம் தொழிலாளர் தட்டுப்பாட்டால் கற்றனர். 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாமல் பேணப்படும் வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்யலாம். வாடகைக்கோ வியாபாரத்துக்கோ அவற்றை ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு செல்லலாம்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பிரித்துப் பூட்டும் அந்த இயல்பு எங்கே போயிற்று? பேராசை மிக்க முதலாளிகள் பறித்துக்கொண்டனர் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. பழைய எஞ்சின்கள் நச்சுப் புகையைக் கக்கின. ஈயம் கலந்த பெட்ரோலை எரித்தன. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை வலுப்படுத்தியது. 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் பரவலாக வந்தன. நாளடைவில் பாயிண்டுகளும் கார்புரேட்டரும் மறைந்தன. மின்னணுக் கருவி ஒன்று பெட்ரோலையும் தீப்பொறியையும் கணக்கிட்டுத் தரலாயிற்று. 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களும் சிறு லாரிகளும், தம் கோளாறுகளைத் தாமே குறித்து வைத்துச் சொல்லும் ஒரு பொதுவான அமைப்பைப் பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தனர். காற்று தூய்மையடைந்தது; வண்டி நடுவழியில் நிற்பதும் குறைந்தது. இந்நன்மைகளை மறுப்பவர் நன்றி மறந்தவரேயாவர்.

ஆயினும் நன்மையோடு ஓர் இழப்பும் வந்தது. பழைய வண்டியின் கோளாறு காதுக்குக் கேட்டது, மூக்குக்கு மணத்தது, கைக்குத் தட்டுப்பட்டது. புதிய வண்டியின் கோளாறோ ஓர் எண்ணாக உள்ளே பதிந்திருக்கிறது. அவ்வெண்ணைப் படிக்கும் கருவியும், அதன் பொருளைக் கூறும் நூலும் யாரிடம் இருக்கின்றனவோ அவரே வண்டியின் உண்மையான உடையவர் ஆகிறார். விலை கொடுத்தவர் வெறும் ஓட்டுநர் ஆகிவிடுகிறார். இதை உணர்ந்தே 2012இல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், வண்டி பழுது பார்ப்பதற்கான விவரங்களை உடையவருக்கும் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று பெருவாரியாக வாக்களித்தனர். 2014இல் மோட்டார் உற்பத்தியாளர்கள் நாடு முழுவதற்கும் அதையொட்டிய ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வண்டிகள் ஆகிய நான்கும் அதன் ஆய்வுக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையத் தளமும் தொடங்கப்பட்டது.

ஆகவே வழக்கு பழைமைக்கும் புதுமைக்கும் இடையே நிகழ்வதன்று. 1908இல் வண்டியோடு கையேட்டையும் கொடுத்தனர். இன்று வண்டியை விற்றுக் கையேட்டை வைத்துக்கொள்ளலாமா என்பதே வழக்கு. யந்திரம் நுட்பமாவதால் அறிவு மறைய வேண்டும் என்ற விதி இல்லை. நுட்பமான நூலையும் மொழிபெயர்க்கலாம். மூடி வைத்த நூலை மொழிபெயர்க்க முடியாது.

எம் தந்தையார் ஞாயிறு தோறும் வாசலில் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்துவார். கூம்பைத் தளர்த்தி, மணிகளை எண்ணி ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் போடுவார். அவை எத்தனை என்று கணக்கு வைத்திருப்பது எம் வேலை. ஒரு மணி குறைந்தால் வாசல் முழுவதும் தேட வேண்டும். அண்மையில் எம் குவார்ட்டர்ஸில் மிக்ஸி நின்றுவிட்டது. பழுது பார்க்கும் நிலையத்துக்கு எடுத்துச் சென்றபோது, ‘இதைத் திறக்க முடியாது, மோட்டாரை முழுதாக மாற்ற வேண்டும்’ என்றனர். உடன் வந்த எம் மகன், ‘உள்ளே என்ன இருக்கும் அப்பா?’ என்று கேட்டான். அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடையில்லை. இழப்பு மிக்ஸியன்று; அந்த விடையே.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குக் கொட்டகை இல்லை. பழைய பிக்கப்பும் இல்லை. இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உண்டு. அவை போதும். ஒரு திருப்புளி, ஒரு கொறடு, ஒரு விளக்கு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய கடிகாரத்தையோ மேஜை விசிறியையோ பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். மீண்டும் பூட்ட முடியாமற் போகலாம், அதனாற் குற்றமில்லை. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அது பயிருக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த நாட்டுக் கொட்டகை ஒன்றில், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு எழுபது ஆண்டுப் பழைய எஞ்சினின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கும் மனிதருக்கும் அவ்வுண்மை தெரியும்.